புளிக்கும் மாத்திரை

சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்தீர்களே, அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், சேர். வெயில் பட்டால் கெட்டுவிடும். வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்டையின் முதுகைப் பார்த்தாலே அது என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். மூளைக்குப் பிரேக் மாதிரி அது. குடித்த கொஞ்ச நேரத்திலேயே பதற்றம் அடங்கும், தூக்கம் வரும். அதனால்தான் குறுகிய காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். பழகிவிட்டால், அது இல்லாமல் உடம்புக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாமல் போய்விடும். நீங்களாகத் திடீரென்று விட்டுவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்கத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

என் பெயர் அனற். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால் நான் சொல்லாததும் சேர்ந்து வரும் என்பதால் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். திகனப் பொலிஸிலிருந்து உங்களை வரவழைத்திருக்கிறார்கள், தாஸிம் சேர். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் அவசரமில்லாமல் சொல்கிறேன். நீங்களும் அவசரமில்லாமல் எழுதுங்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். இருவரும் இப்போது இல்லை. எங்கள் பரம்பரையில் கம்பஸ் வாசல் மிதித்தவள் நான் ஒருத்திதான். மருந்தாளர் பட்டம். அது எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. கிறேஸ் அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு கார்மன்டில் தைக்கப் போனதால் கிடைத்தது. இதை ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள். நான் செய்தது எல்லாம் அவளுக்காகத்தான்.

பிலிமத்தலாவையில் சாஹுல் ஹமீது நானாவின் பாமசியில் வேலை செய்கிறேன். சீனி வருத்தத்துக்கு மருந்து வாங்குகிறவர் தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்பார். மனவருத்தத்துக்கு வாங்க வருகிறவர் பேபி பவுடர் அடுக்கிய பக்கம் போய் நின்றுகொண்டு, கடை காலியாகும் வரைக்கும் டப்பாக்களை வாசிப்பார். பிறகு வந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பார். என்ன மருந்தாக இருந்தாலும் அவர்களுக்கு அது தூக்க மாத்திரைதான்.

அது எல்லாம் தூக்க மாத்திரை இல்லை, சேர். மனச்சோர்வுக்குக் கொடுப்பது வேறு. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் சேதி கொண்டுபோகிற சரக்கு ஒன்று இருக்கிறது. அனுப்பிய நரம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இந்த மாத்திரை பார்த்துக்கொள்ளும். பலன் தெரியச் சில வாரம் போகும். முதல் வாரமே அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒண்ணும் சுகமில்லையே மிஸ் என்பார்கள். பொறுங்கள் என்பேன். காதுக்குள் குரல் கேட்கிறவர்களுக்கும், இல்லாத பகையை இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கும் கொடுப்பது இன்னொன்று. சத்தம் கூடிப்போன ரேடியோவை அது குறைத்து வைக்கும். ரேடியோ அங்கேயேதான் இருக்கும். கையை எடுத்தால் சத்தம் திரும்ப ஏறும். உடனே இல்லை. அந்த 'உடனே இல்லை' என்பதன் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கோபத்துக்கு மருந்து கேட்டு ஒரு ஆம்பிளையும் இதுவரைக்கும் எங்கள் கடைப்படி ஏறியதில்லை. அவனிடம் அடிபட்டவள்தான் வருவாள், தூக்கம் வரவில்லை என்று.

எங்கள் அண்ணன் சுவக்கினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வருத்தம் வந்தது நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில். சோற்றில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்றார். காதுக்குள் ஒருத்தன் இருந்துகொண்டு சொல்கிறானாம். வாரக்கணக்கில் தேங்காயைத் தானே உடைத்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நாளிலும் அவர் ஒருவரையும் தொடவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று நாங்கள் குடியிருந்த லயத்துத் தூணில் கட்டிவைத்துப் பிரம்பால் அடித்தார்கள். முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. இந்த வருத்தம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் யாரையும் அடிக்க மாட்டார்கள். அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் மருந்தை நிறுத்துவது மட்டும் போதாது என்பதும் தெரிந்திருந்தது.

நான் பிறகு சொல்ல நினைத்ததை முந்திச் சொல்லிவிட்டேன். பரவாயில்லை.

கண்டிக்குக் கிளினிக் கூட்டிப்போய் அவரை எழுப்பி நிறுத்தியதும் நான்தான். மாத்திரையைக் கடதாசி உறையில் போட்டு, குடிக்கிற முறையைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாங்கி வந்து, தட்டுத் தட்டாகப் பிரித்த பெட்டியில் நிரப்பி வைப்பேன். அவருக்கு மாத்திரையை விழுங்க வராது. நாக்கில் வைத்துக் கரைப்பார். அது நல்ல கசப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டுவார், நான் ஒரு துண்டுக் கருப்பட்டி வைப்பேன். ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி. உடம்பு கொஞ்சம் பெருத்தது, கை லேசாக நடுங்கியது, அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் மனுசன் நன்றாக இருந்தார். கலகெதரப் பக்கம் நாங்கள் வந்து குடியிருந்த பிறகு, அக்கம்பக்கத்துச் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டப் போவார். அப்பாவின் கத்திதான்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த வருசம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் வெள்ளை மாத்திரை வந்தால் அடுத்த மாதம் மஞ்சள். சில மாதம் கிடைக்கவே கிடைக்காது. நிறம் மாறிய மாத்திரையைக் கண்டு சனம் பயந்தது. கம்பனிதான் மாறியிருக்கிறது, மருந்து ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. நீங்க சொன்னா சனம் கேக்குது புள்ள என்று நானா சந்தோசப்படுவார். உண்மைதான். அந்த வருசத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மாத்திரையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. கொடுக்கிறவளின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இனி ரொனி. அக்காவின் புருசன். த்ரீவீல் ஓட்டினான். வாடகை வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே வந்து இருந்தான். ஆள் பார்வைக்கு நல்லவன், பாட்டுப் பாடுவான், ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சிக் கறி அவன்தான் சமைப்பான். என்னை டொக்டரம்மா என்பான்.

"உங்க அண்ணன் முழுப் பைத்தியம், உங்க அக்கா அரப் பைத்தியம். நீங்கதான் டொக்டரம்மா, படிச்ச பைத்தியம்."

இதைச் சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அக்காவும் சிரிப்பாள்.

சேர்ட்டில் மடிப்பு சரியில்லை என்று ஒருநாள் அயன் பெட்டியை அவள் முழங்கைக்கு மேலே வைத்தான். தோல் சட்டைத் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு நாள் தலைமுடியைப் பிடித்து அம்மிக் கல்லில் மோதினான். முன்பல் ஒன்று மிளகாய் விழுதுக்குள் கிடந்தது, நான்தான் எடுத்தேன். அதற்கடுத்த வருசம் அவள் முழுகாமல் இருந்தாள். வயிற்றில் உதைத்தான். பிள்ளை போய்விட்டது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அக்காதான்.

அப்போது நான் முறைப்பாடு கொடுக்க இதே பொலிஸ் கட்டடத்துக்கு வந்தேன். நீங்கள் இருக்கிற கதிரையில் வேறு ஒருவர் இருந்தார். புருசன் பொண்டாட்டி விசயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இனி அடிக்க மாட்டேன் என்று ரொனி கையெழுத்து வைத்தான். வெளியில் போனதும் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அக்கா தின்றாள். உடைந்த பல்லில் குளிர் ஏறுகிறது என்று ஒரு பக்கமாகத் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் முடிவு எடுத்தேன் என்று நினைக்கிறேன். விட்டுவிட்டு வா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நல்லா இருக்கிற நேரம் அவரு நல்லாத்தான்டி இருப்பாரு" என்பாள். அடிமைக்கு விடுதலை வேண்டுமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது.

என்னிடம் மருந்து இருந்தது, ரொனி குடிக்கிற சாராயமும் இருந்தது. நீங்கள் நினைப்பது புரிகிறது. அப்படிச் செய்கிறவர்கள் முட்டாள்கள். செத்தவன் உடம்பில் இருக்கிற மருந்தைத் தேடுவார்கள், கண்டுபிடிப்பார்கள். இருக்க வேண்டிய மருந்து இன்னொருவன் உடம்பில் இல்லை என்பதை யார் தேடப்போகிறார்கள்?

அதனால் அண்ணனின் பெட்டியை நான் விற்றமின் சி மாத்திரையால் நிரப்பினேன். யாருக்கும் கெடுதல் செய்யாத மருந்து. சளி பிடிக்காமல் பார்க்கும்.

முதல் நாள் நாக்கில் வைத்ததும் அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "இது புளிக்குதே தங்கச்சி" என்றார்.

"கம்பனி மாத்திட்டாங்கண்ணே. ஒரே மருந்துதான்."

"அப்பிடியா. நீ சொன்னா சரிதான். இனிக் கருப்பட்டி வேணாம்."

அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. உடனே இல்லை என்று சொன்னேனே. கை நடுக்கம் போய்விட்டது, முகத்தில் களை வந்தது. பாத்தியா, ஆளே வேற மாதிரி ஆயிட்டாரு என்று அக்கா சந்தோசப்பட்டாள். பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் போனது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக் கழுவுவார். கிணற்றுத் தண்ணீரைத் தானே அள்ளித்தான் குடிப்பார். ரேடியோவின் சத்தம் ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் அது யார் பெயரைச் சொல்லும் என்பதை ரேடியோவிடம் விட்டுவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரொனி கறி சமைத்து எல்லோருக்கும் போடுவான். நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்காருவேன்.

"இந்தச் சோத்த ரொனி மச்சானா போட்டாரு?"

"ஆமா. ஏன் தங்கச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேட்டேன்."

பிறகு அவர் தட்டை வாங்கி, கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் கொட்டிவிட்டு, நான் ஆக்கிய சோற்றைப் போட்டுக் கொடுப்பேன். காரணம் சொல்ல மாட்டேன். சொல்லாமல் கொட்டுவதுதான் முக்கியம். ஒரு பொய்கூட நான் அவரிடம் சொல்லவில்லை, சேர். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒருநாள் அவராகவே என்னிடம் வந்தார். வேலியோரம் நின்று, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார். "திரும்ப கேக்குது தங்கச்சி. டொக்டர்கிட்டப் போவமா? மாத்திரயக் கூட்டச் சொல்லி கேப்பமா?" வருத்தம் வந்த மனுசன் தானாகவே வந்து மருந்து கேட்பது லேசில் நடக்காது. எவ்வளவோ குடும்பங்கள் அதற்காக நேர்ந்துகொள்ளும். அது மழைச் சத்தம்ணே என்றேன். அண்ணாந்து பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நீ சொன்னா சரிதான் என்றுவிட்டுப் போனார்.

சரி, அது ஒரு பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசைக்குப் போயிருந்தாள். பூசை முடிந்ததும் மரியாயின் சேனைக் கூட்டம், வர மத்தியானம் தாண்டும். அதை எல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தேன். கத்தியைத் தீட்டியது நான் இல்லை. அண்ணன் அதை எப்போதும் தீட்டித்தான் வைப்பார். நான் எண்ணெய் துடைத்து, வழக்கமாக இருக்கிற கூரை இடுக்கிலிருந்து எடுத்துக் குசினி மேசையில் வைத்தேன். ரொனி கறியைத் துழாவிக்கொண்டிருந்தான். அண்ணன் உள்ளே வந்தார். ரொனி அகப்பையில் கொஞ்சம் எடுத்து, "மச்சான், உப்பு பாருங்க" என்று அவர் வாய்க்கு நேரே நீட்டினான். நான் தண்ணீர் அள்ளுவதற்கு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

கவ்வாத்து வெட்டு சரிவாக விழ வேண்டும், மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அப்படித்தான் விழுந்திருந்தது, பிறகு பார்த்தேன். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரொனி விழவில்லை. ஓடினான். குசினிக்குள் ஓடுவதற்கு இடம் எவ்வளவு இருக்கிறது. சட்டி உருண்ட சத்தம் கேட்டது. கறி அடுப்பில் கொட்டிக் கருகுகிற மணம் கிணற்றடிக்கு வந்தது. பின்கதவுக்கு வந்து இடித்தான். கதவு திறக்கவில்லை.

"டொக்டரம்மா, கதவத் தொறங்க" என்றான். "தொறங்கம்மா."

அவன் வாயில் அந்தப் பெயர் கிண்டல் இல்லாமல் வந்தது அன்றைக்குத்தான். அது நல்லாத்தான் இருந்தது. நான் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் கதவிலேயே சாய்ந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த வெட்டுகள் பலகையோடு சேர்ந்து விழுகிற சத்தம், காய்ந்த விறகைப் பிளக்கிற மாதிரிக் கேட்டது. கொஞ்ச நேரம் பலகையிலும், பிறகு மெத்தென்றும். கதவின் அடியால் ரத்தம் வந்து படிக்கல்லில் இறங்கியது.

கதவை வெளியில் கொக்கி போட்டுக் கொளுவியது நான்தான்.

அக்கா முன்வாசலால் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கறிக்கு வாசத்துக்குப் போட ரம்பை இலை இல்லை, எடுத்துக்கொண்டு வா என்று ரொனி போன் போட்டிருக்கிறான். அவள் கூட்டத்தை விட்டுவிட்டு ரம்பை இலையோடு ஓடி வந்திருக்கிறாள். அவன் சொன்னால் ஓடி வருவாள் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அது என் பிழை. உள்ளே போய் அவன் மேல் விழுந்து, கத்தியை வெறுங்கையால் பிடித்திருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் அதோடு போய்விட்டது. தையல் மெசினில் வேலை செய்த கை.

நான் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக உள்ளே வந்தபோது அண்ணன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு தட்டு எடுத்து, நான் ஆக்கி வைத்திருந்த சோற்றைப் போட்டு, ரத்தத்துக்குள் இருந்த அக்காவின் முன்னால் வைத்தார். "சாப்பிடு கிறேஸ். நஞ்சு போயிருச்சு" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பைத்தியம் மச்சானை வெட்டிவிட்டது என்று ஊர் பேசியது. என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். நீதிமன்றம் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே உண்மையான மருந்தை நாக்கில் வைத்ததும், இது கசக்குது, தங்கச்சி குடுத்தது புளிக்கும் என்று தாதியிடம் சொல்லியிருக்கிறார். காட்டிக்கொடுக்கவில்லை. கருப்பட்டி இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார். தாதிக்கு அது விளங்கியிருக்கிறது, டொக்டரிடம் சொல்லியிருக்கிறார், நீங்கள் வந்துவிட்டீர்கள். இப்போது அவருக்குத் தெளிவு வந்துவிட்டதாம். தான் என்ன செய்தோம் என்று விளங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அக்காவுக்கு உங்களுக்கு முன்னமே தெரியும். கருப்பட்டி டின்னைத் திறந்து பார்த்திருக்கிறாள். மாதக்கணக்கில் குறையாமல் எறும்பு ஏறிக் கிடந்தது. கட்டுப்போட்ட கையோடு அதை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணனுக்கு என்னாடி குடுத்த?"

நான் சொன்னேன். அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது. உனக்காகத்தான் என்று சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. ரொனியின் சேர்ட்டை மடியில் வைத்து, மூன்று விரலால் மடிப்பு எடுத்துக்கொண்டிருப்பாள். கிளினிக்கில் காட்டினோம். கடும் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார்கள். பலன் தெரியச் சில வாரம் போகும், அதுவரைக்கும் தனியாக விடாதீர்கள், விடாமல் மருந்து கொடுங்கள் என்று என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டில் மருந்து தெரிந்தவள் நான்தானே.

நான் யோசித்துப் பார்த்தேன், சேர். நோய்க்குத்தான் மருந்து. அயன் பெட்டியால் சுட்டவன் இல்லையே என்று அழுவது நோயா? அந்த அழுகைக்கு மருந்து கொடுப்பது அவனுக்கு மரியாதை கொடுக்கிற மாதிரி. அது தானாக அடங்கும், அடங்கியதும் அவளுக்கு எல்லாம் விளங்கும், என்னோடு பேசுவாள். அவள் பெட்டியையும் நான்தான் நிரப்புகிறேன். இன்று காலையில் உங்கள் ஜீப் வந்து நின்ற நேரமும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். நாக்கில் வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் விழுங்கினாள்.

போனை வையுங்கள் சேர், யாரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். தனியாக இருந்தால் கிணற்றுக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். அங்கே காற்று நல்லது. அவள் மேல் கை வைக்க இனி யாருமில்லை.